‘பாரம் தாங்காமல் கவிழ்ந்தது’ என்று எழுதும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேன் கவிழ்ந்த செய்தி வரும்போதெல்லாம் நாளிதழ்களில் இரண்டு சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று ‘எதிர்பாராதவிதமாக’, மற்றது ‘பாரம் தாங்காமல்’. கிரேன் வேலையோடு அன்றாடம் புழங்கும் எங்களுக்கு இரண்டுமே உறுத்துகின்றன. பாரம் எத்தனை டன், அது கிரேனிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது, கிரேனின் கால் எதன்மேல் நின்றது என்ற மூன்றையும் விசாரித்தால், இத்தகைய விபத்துகளில் பலவும் ஹூக் மேலே ஏறும் முன்பே முடிவாகிவிட்டவை என்று தெரியும். செய்தியில் அந்த மூன்றும் இருப்பதில்லை. என்ன கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது. இடமில்லாமல் வெட்டுவதானால் எங்கள் கருத்துகளை வெட்டுங்கள், எண்களை விட்டுவையுங்கள்.

‘50 டன் தூக்கும் ராட்சத கிரேன், வெறும் 12 டன் இயந்திரத்தைத் தூக்கியபோது கவிழ்ந்தது’ என்று எழுதினால் படிப்பவர் வியப்பார். அதில் வியக்க ஒன்றும் இல்லை. கிரேனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் 50 டன் என்பது, பூமை (கிரேனின் நீளும் கையை) முழுக்கச் சுருக்கி, ஏறக்குறைய 3 மீட்டர் ரேடியஸில் தூக்கும்போது மட்டும் பொருந்தும் எண். அதே கிரேனுக்கு 10 மீட்டரில் பத்துப் பதினொரு டன்தான் கிடைக்கும்; 20 மீட்டரில் மூன்று டன்னைத் தாண்டினாலே அதிகம். இயந்திரத்துக்கு இயந்திரம் இந்த எண்கள் மாறும். சரியான எண் அந்தக் கிரேனுக்கென்று தயாரிப்பாளர் கொடுத்த லோடு சார்ட்டில், அதாவது எத்தனை மீட்டரில் எத்தனை டன் தூக்கலாம் என்ற அட்டவணையில், இருக்கும். வேறொரு கிரேனின் சார்ட், அதே கொள்ளளவு உள்ளதானாலும், உதவாது.

ரேடியஸ் என்றால் எங்கிருந்து எதுவரை? இதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். கிரேன் சுழலும் மையத்திலிருந்து, ஹூக் தொங்கும் நேர்கோடு வரை தரைமட்டத்தில் அளக்க வேண்டிய தூரம் அது. வண்டியின் விளிம்பிலிருந்தோ, அவுட்ரிகரிலிருந்தோ (வண்டியின் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் காலிலிருந்தோ) அளந்தால் இரண்டு மூன்று மீட்டர் குறைவாக வரும். சார்ட்டில் அந்த இரண்டு மீட்டர் பல டன்னுக்குச் சமம். இன்னொன்று, பாரம் ஏறியதும் பூம் வளைந்து கொடுக்கும். வெறும் ஹூக்கோடு 12 மீட்டர் இருந்த ரேடியஸ், பாரம் தரையை விட்டதும் பன்னிரண்டரையைத் தாண்டக்கூடும். ஆகவே அளந்த ரேடியஸ் சார்ட்டின் இரண்டு வரிகளுக்கு நடுவே விழுந்தால், தூரம் அதிகமான வரியின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் ஒரு எண்ணைத் தாமாகக் கணக்கிட்டு எடுப்பது தவறு.

சார்ட்டில் கிடைத்த எண் அப்படியே பாரத்துக்கு உரியதும் அல்ல. ஹூக் பிளாக், ஸ்லிங் (பாரத்தைக் கட்டும் ரோப் அல்லது பெல்ட்), ஷேக்கிள் (பின் போட்டு மாட்டும் இரும்பு வளையம்), ஸ்பிரெடர் பீம் (ஸ்லிங்குகளை அகட்டிப் பிடிக்கும் உத்திரம்), பூமின் பக்கவாட்டில் மடித்து வைத்த ஜிப் (பூம் நுனியில் பொருத்தும் கூடுதல் கை) எல்லாமே பாரம்தான். 12 மீட்டரில் சார்ட் 8 டன் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹூக் பிளாக் 450 கிலோ, ஸ்பிரெடர் 600, ஸ்லிங்கும் ஷேக்கிளும் 150, ஜிப்புக்காகத் தயாரிப்பாளர் கழிக்கச் சொல்லும் 300. ஆக ஒன்றரை டன் போய், தூக்க மிஞ்சுவது ஆறரை டன். ஏழு டன் பொருளை ‘எட்டுக்குள்தானே’ என்று தூக்கியவர், கணக்குப்படி அரை டன் அதிகமாகத் தூக்கியிருக்கிறார்.

பாரத்தின் எடையை ‘ஒரு அஞ்சு டன் இருக்கும்’ என்று சொல்வதை எந்த ஆபரேட்டரும் ஏற்கக் கூடாது. பெயர்ப்பலகை, வரைபடம், எடைமேடைச் சீட்டு இவற்றில் ஒன்று வேண்டும். இல்லையென்றால் கணக்கு போடலாம், கடினமில்லை. எஃகு ஒரு கன மீட்டருக்கு 7.85 டன். கம்பி கட்டிய கான்கிரீட் 2.5. தண்ணீர் 1. ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு 0.3 கன மீட்டர், அதாவது 2.36 டன். காலி என்று சொல்லப்படும் தொட்டிகள்தான் ஏமாற்றுபவை. இரண்டு மீட்டர் விட்டமுள்ள நிற்கும் தொட்டியின் அடியில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் கிடந்தால், 940 கிலோ கணக்கில் வராமல் ஏறிவிடும். அதோடு நிற்பதில்லை, தொட்டி சற்றுச் சாய்ந்ததும் அந்தத் தண்ணீர் ஒரு பக்கம் ஓடி, எடைமையத்தையே மாற்றிவிடும். வடிகால் வால்வைத் திறந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

அதிகப் பாரம் ஏற்றினால் பின்பக்க ஜாக்கி (அவுட்ரிகரின் செங்குத்துக் கால்) தரையை விட்டு எழும், அதைப் பார்த்து இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் ஆழமாக வேரோடியிருக்கிறது. இது பாதிதான் உண்மை. அந்தப் பாதியும் ஆபத்தானது. சார்ட்டில் தடித்த கோடு ஒன்று இருக்கும், அல்லது சில கட்டங்கள் நிழலிட்டிருக்கும். ஒருபக்கத்து எண்களைக் கிரேன் கவிழும் எல்லை தீர்மானிக்கிறது. மறுபக்கத்து எண்களைப் பூம், பின், சிலிண்டர், சுழல் பேரிங் இவற்றின் வலிமை தீர்மானிக்கிறது. பெரும்பாலும் குறைந்த ரேடியஸில், கனமான பாரத்தில் இரண்டாவது வகை. அங்கே ஜாக்கி எழாது, வண்டி சாயாது. எந்த முன்னறிவிப்பும் இன்றி பூம் மடங்கும். முதல் வகையிலும் ஜாக்கி எழுந்த பிறகு சுதாரிக்க நேரம் இருப்பதில்லை. வண்டி சாயச் சாய ரேடியஸ் கூடும். ரேடியஸ் கூடக் கூட இன்னும் சாயும்.

எடை காட்டும் கருவி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது தனக்குச் சொன்னதைத்தான் நம்பும். அவுட்ரிகர் பாதிதான் நீட்டியிருக்க, ‘முழுக்க நீட்டியது’ என்று பதிந்தால் அதற்கேற்பவே பச்சை விளக்கு காட்டும். ரோப்பை நான்கு சுற்றுப் போட்டுவிட்டு ஆறு சுற்று என்று அமைத்தாலும் தவறான கணக்கே வரும். புதிய கிரேன்கள் சிலவற்றில் கால் நீளத்தைத் தானே அறியும் வசதி உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. சாவியைத் திருப்பிக் கருவியை ஓரங்கட்டிவிட்டு வேலை செய்வது தனிக் கதை. விபத்து நடந்த இடத்தில் அந்தச் சாவி எந்த நிலையில் இருந்தது என்பது நல்ல கேள்வி. ஹூக் பிளாக் பூம் நுனியில் போய் முட்டாமல் தடுக்கும் சுவிட்ச்சும் அப்படித்தான். எடைத்தொங்கலோடு சங்கிலியில் ஆடிக்கொண்டிருக்கும் அதைக் கம்பி போட்டுக் கட்டி வைப்பதைப் பார்க்கலாம். ரோப்பை இறக்காமல் பூமை மட்டும் நீட்டினால் ஹூக் பிளாக் தானாக மேலேறி நுனியில் இடிக்கும், ரோப் அறும். அந்தச் சுவிட்ச் இருப்பதே அதற்காகத்தான்.

இனி தரை. எங்கள் கணிப்பில் கிரேன் வேலையில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது இதுதான். பூம் ஒரு மூலை அவுட்ரிகருக்கு நேராகத் திரும்பும்போது, கிரேனும் பாரமும் சேர்ந்த மொத்த எடையில் முக்கால் பங்கு வரை, சில நிலைகளில் அதற்கும் மேலாக, அந்த ஒரே காலில் இறங்கும். கிரேன் 36 டன், ரிக்கிங் (பாரத்தைக் கட்டும் சாமான்கள்) உட்பட பாரம் 14 டன் என்றால் மொத்தம் 50. ஒரு காலில் 37.5 டன். அவுட்ரிகரின் வட்டத் தட்டு 50 சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் பரப்பு 0.196 சதுர மீட்டர்தான். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 190 டன் அழுத்தம். ஓரளவு இறுகிய களிமண் தாங்குவது சதுர மீட்டருக்கு ஏழரையிலிருந்து 15 டன். மென்மையான களிமண் அதற்கும் கீழே. 15 டன் தாங்கும் தரை என்று உறுதியாகத் தெரிந்தால், 37.5 டன்னை 15 ஆல் வகுத்து 2.5 சதுர மீட்டர். ஆகவே பக்கத்துக்கு 1.6 மீட்டருள்ள சதுர மேட் (தட்டின் அடியில் விரிக்கும் தாங்குபலகை) வேண்டும். நான்கு துண்டுக் கட்டையைத் தட்டின் அடியில் செருகி வைப்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

மேட் பெரியதாக இருந்தால் மட்டும் போதாது, விறைப்பாகவும் இருக்க வேண்டும். மெல்லிய எஃகுத் தகட்டை விரித்தால் தட்டின் அடியில் மட்டும் குழிந்து, ஓரங்கள் மேலே எழும். பரப்பு காகிதத்தில் மட்டும் 2.5 சதுர மீட்டராக இருக்கும். ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கினால் இடைவெளி விடாமல், ஒரு வரிசைக்கு மறு வரிசை குறுக்காக அடுக்க வேண்டும். தட்டு மேட்டின் நடுவில் உட்கார வேண்டும். கட்டையைத் தட்டுக்கு அடியில் வைக்காமல் அவுட்ரிகரின் கைக்கு அடியில் முட்டுக் கொடுப்பது, கிரேனின் காலைத் தாமே குட்டையாக்குவதற்குச் சமம். டயர்கள் தரையில் படாமல் முழுக்கத் தூக்கியிருக்க வேண்டும். டயர் தொட்டுக்கொண்டிருந்தால் அவுட்ரிகர் சார்ட் செல்லாது.

மேலே காங்கிரீட் போட்ட தரை என்பதால் நிம்மதி அடையவும் வேண்டாம். அடியில் கழிவுநீர்த் தொட்டி, குழாய்ப் பள்ளம், சாக்கடை மூடி, சமீபத்தில் மூடிய குழி, கட்டடத்தின் நிலவறைச் சுவர் என்று என்னென்னவோ இருக்கும். மூடிய பள்ளத்தின் மண், பக்கத்து மண்ணைப் போல இறுகப் பல ஆண்டுகள் ஆகும். திறந்த பள்ளத்தின் அருகே நிற்க வேண்டியிருந்தால், உறுதியான மண்ணில் பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து தள்ளி அவுட்ரிகர் இருக்க வேண்டும். இளகிய மண்ணில் அதைப்போல் இருமடங்கு. மழை பெய்தால் நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. முதல் பாரத்தைத் தூக்கி இறக்கியதும் நான்கு தட்டுகளையும் சுற்றிப் பார்த்து, எது இறங்கியிருக்கிறது என்று கவனித்து, லெவலைத் திரும்பச் சரிசெய்வது நல்ல ஆட்களின் வழக்கம்.

லெவல் என்பது ஒப்புக்கு அல்ல. பெரும்பாலான சார்ட்டுகள் 1 சதவீதச் சாய்வுக்குள் கிரேன் நிற்கிறது என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. அவுட்ரிகர்களுக்கு இடையே 6 மீட்டர் என்றால் 6 சென்டிமீட்டர்தான் அந்த எல்லை. பூம் நுனி 30 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது கிரேன் ஒரு டிகிரி சாய்ந்தால் நுனி 52 சென்டிமீட்டர் விலகும். விலகல் முன்பக்கமானால் ரேடியஸ் கூடும். பக்கவாட்டில் என்றால் இன்னும் மோசம். பூம் மேலும் கீழுமாகத் தாங்கும் வகையில் செய்யப்பட்டதே தவிர, பக்கவாட்டு இழுப்புக்குச் செய்யப்பட்டதல்ல. தள்ளிக் கிடக்கும் பாரத்தை ஹூக்கில் மாட்டித் தரையோடு இழுத்து வருவது ஏன் தடை செய்யப்பட்டது என்பதற்கும் இதுவே காரணம்.

இடம் போதவில்லை என்று ஒரு பக்க அவுட்ரிகரை நீட்டாமல் விடுவதும் உண்டு. அந்தப் பக்கம் தூக்கப் போவதில்லையே என்று வாதாடுவார்கள். பாரம் இல்லாமல், பூமை உயர்த்திய நிலையில் கிரேன் திரும்பும்போது, பின்னால் உள்ள எதிர்ப்பாரமே குட்டைக் கால் பக்கமாக வண்டியைக் கவிழ்த்துவிடக்கூடும்.

தரைக்கு அடுத்து ஸ்லிங். பத்து டன் பாரத்தை இரண்டு ஸ்லிங்கில் மாட்டினால் ஒவ்வொன்றிலும் ஐந்து டன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்லிங் செங்குத்தாக இருந்தால் மட்டுமே அது சரி. தரைமட்டத்தோடு 60 டிகிரி இருந்தால் ஒவ்வொரு காலிலும், அதாவது ஒவ்வொரு ஸ்லிங்கிலும், 5.77 டன். 45 டிகிரியில் 7.07. முப்பது டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் முழுப் பத்து டன்! அதற்கும் கீழே போவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. கோணமானி தேவையில்லை, டேப் போதும். ஸ்லிங்கின் நீளத்தை, ஹூக்குக்கும் பாரத்தின் மேல்மட்டத்துக்கும் உள்ள நேர் உயரத்தால் வகுத்து, அதைப் பாதி எடையோடு பெருக்கினால் ஒரு காலின் இழுவிசை வந்துவிடும். நான்கு மீட்டர் ஸ்லிங், இரண்டு மீட்டர் உயரம், பத்து டன் பாரம்: நான்கை இரண்டால் வகுத்து இரண்டு, அதை ஐந்தோடு பெருக்கிப் பத்து. இன்னும் எளிதாகச் சொன்னால், மாட்டும் இரண்டு இடங்களுக்கு இடையே எவ்வளவு தூரமோ, ஸ்லிங்கின் நீளம் அதற்குக் குறையாமல் இருந்தால் கோணம் 60-க்குக் கீழே போகாது.

நான்கு கால் ஸ்லிங்கில் மாட்டிவிட்டு எடையை நான்கால் வகுப்பது அடிக்கடி பார்க்கும் பிழை. விறைப்பான பொருளில் நான்கு கால்களும் ஒரே அளவு இறுகுவதில்லை. மூலைவிட்டமாக உள்ள இரண்டு மட்டும் பாரத்தைத் தாங்க, மற்ற இரண்டும் பாரம் ஆடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டு கால்களே முழுப் பாரத்தையும் தாங்கும் என்று கணக்கிடுவதே பத்திரம். சுருக்குப் போட்டுக் கட்டினால் ஸ்லிங்கின் திறன் நேராகத் தூக்கும்போது இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். சுருக்கு இறுகட்டும் என்று சம்மட்டியால் தட்டி இறக்குவது அதையும் குறைக்கும்.

துணி பெல்ட்டுகளுக்கு ஐரோப்பியத் தரத்தில் நிறம் உண்டு: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, பத்தும் அதற்கு மேலும் ஆரஞ்சு. எல்லாத் தயாரிப்பாளரும் இதைப் பின்பற்றுவதில்லை என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் தைத்திருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். சீட்டு கிழிந்துபோயிருந்தால் பெல்ட் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அது கழிவுதான். கூர்மையான விளிம்பில் காவல் வைக்காமல் பெல்ட்டைப் போட்டால், இறுக்கத்தில் கத்தியால் அறுத்தது போல அறுபடும். தகட்டுக் கட்டுகளும் வெட்டிய பீம்களும் தூக்கும் இடத்தில் இதுவே முதல் எதிரி. பாலியெஸ்டருக்குக் காரம் ஆகாது, நைலானுக்கு அமிலம் ஆகாது. இரண்டுக்குமே வெல்டிங் பொறி ஆகாது. நீளம் போதாமல் பெல்ட்டில் முடிச்சுப் போடுவதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை.

கம்பி ரோப்பைக் கையுறையோடு துணி பிடித்துத் தடவிப் பார்க்க வேண்டும். அறுந்த கம்பி துணியில் மாட்டும். ரோப்பில் ஒரு புரி (பல கம்பிகளை முறுக்கிய இழை) முழுச் சுற்று சுற்றிவர எடுக்கும் நீளத்தை ஒரு லே என்போம். கிரேனில் ஓடும் சாதாரண ரோப்பில், அந்த நீளத்துக்குள் ஆறு கம்பிகள் அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்கத் தரத்தில் உள்ள அளவு. சுழலாத வகை ரோப்புக்கு அளவு இதைவிடக் கடுமை. மடிந்து நிமிர்ந்த இடம், கூண்டு போலப் புடைத்த இடம், உள்மையம் வெளியே பிதுங்கிய இடம், சூடுபட்டு நிறம் மாறிய இடம் இருந்தால் எண்ணவே வேண்டாம், கழித்துவிடலாம். டிரம்மில் எவ்வளவு இறக்கினாலும் இரண்டு மூன்று சுற்றாவது மிச்சமிருக்க வேண்டும். ரோப் முனையில் கிளிப் போடும்போது யு வளைவு வெட்டுமுனைப் பக்கமும், தட்டையான சேணம் பாரம் தாங்கும் பக்கமும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் வளைவு பாரம் தாங்கும் ரோப்பையே நசுக்கிவிடும். முதல் பாரத்துக்குப் பிறகு நட்டுகளைத் திரும்ப முறுக்க வேண்டும், ஏனென்றால் ரோப் இழுபட்டு மெலிந்திருக்கும்.

ஷேக்கிளின் பின் தொலைந்தால் அதே தடிமனில் போல்ட் போடுவார்கள். போல்ட்டின் எஃகு வேறு, பின்னின் எஃகு வேறு. ஐ-போல்ட்டில் (தலையில் வளையமுள்ள போல்ட்டில்) தோள், அதாவது வளையத்தின் அடியில் உள்ள அகன்ற விளிம்பு, இல்லாவிட்டால் நேர் மேலே தவிர வேறு திசையில் இழுக்கவே கூடாது. தோள் இருந்தாலும் 45 டிகிரிச் சாய்வில் அதன் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மரை முழுக்க இறங்கி, தோள் பரப்போடு ஒட்டி உட்கார்ந்திருந்தால்தான் அந்தப் பங்கும் உண்டு.

கட்டி முடித்ததும் நேராக மேலே தூக்கிவிடக் கூடாது. ஒரு சாண் உயர்த்தி நிறுத்த வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பிரேக் பிடிக்கிறதா, பாரம் மட்டமாக இருக்கிறதா, ஸ்லிங் நழுவுகிறதா, தட்டு இறங்குகிறதா, கருவி காட்டும் எடை கணக்கிட்ட எடையோடு ஒத்துப்போகிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஹூக் எடைமையத்துக்கு நேர் மேலே இல்லை என்று பொருள். இறக்கி, ஸ்லிங்கை மாற்றிக் கட்ட வேண்டும். சாய்ந்த பக்கத்தைச் சரிக்கட்ட மறுபக்கத்தில் ஆள் ஏறி நிற்பது பைத்தியக்காரத்தனம். அஸ்திவார போல்ட் ஒன்றைக் கழற்றாமல் விட்டிருந்தாலும், பொருள் சேற்றிலோ கான்கிரீட்டிலோ பிடித்திருந்தாலும், கருவியில் எடை ஏறிக்கொண்டே போகும், பொருள் அசையாது. அப்போது ‘இன்னும் கொஞ்சம்’ என்று இழுத்தால், பிடி விட்ட கணத்தில் பூம் துள்ளும். அந்தத் துள்ளலில் வரும் அதிர்ச்சிப் பாரம் எந்தச் சார்ட்டிலும் இல்லை.

காற்றைப் பற்றிச் செய்திகள் எழுதும்போது ‘பலத்த காற்று’ என்பதோடு நிறுத்திவிடுகின்றன. வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கும் விசை நான்கு மடங்காகும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில், 20 சதுர மீட்டர் பரப்புள்ள பலகை ஏறத்தாழ 150 கிலோ விசையைப் பக்கவாட்டில் வாங்கும். 14 மீட்டரில் அதுவே 300 கிலோவை நெருங்கும். அளவுமானி பூம் நுனியில் இருக்க வேண்டும், ஏனென்றால் தரையில் இலை அசையாதபோதும் மேலே காற்று வீசலாம். பரப்பு அதிகமாக, எடை குறைவாக உள்ள பொருள்களுக்குத் தயாரிப்பாளர் சொன்ன காற்று வரம்பையும் குறைத்தே எடுக்க வேண்டும். 1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், விளையாட்டரங்குக் கூரையின் 400 டன்னுக்கு மேற்பட்ட பகுதியைத் தூக்கிய ராட்சத கிரேன் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். கூரைத் துண்டின்மேல் படும் காற்றின் விசை கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பது பிறகு வெளிவந்தது.

தூக்காமல் சும்மா நிற்கும் கிரேனையும் காற்று விடாது. 2015 செப்டம்பர் 11 அன்று மக்காவில் பெரிய பள்ளிவாசலின் மேல் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற கிரேன் அப்போது எதையும் தூக்கிக்கொண்டிருக்கவில்லை; பூமை இறக்கி வைக்காமல் உயர்த்தியே விட்டிருந்தார்கள். 2019 ஏப்ரல் 27 அன்று சியாட்டிலில் நான்கு பேர் இறந்த டவர் கிரேன் விபத்தில், பிரிக்கும்போது கோபுரத் துண்டுகளை இணைக்கும் பின்களை முன்கூட்டியே கழற்றியிருந்தார்கள். காற்று மிச்ச வேலையைச் செய்தது. டவர் கிரேனைப் பொறுத்தவரை நிறுவுவதும், உயர்த்துவதும், பிரிப்பதும்தான் ஆபத்தான நாட்கள்.

பாரத்தைத் தூக்கியபடியே ஓடும் கிரேன்களுக்கு, பேச்சுவழக்கில் ஹைட்ரா எனப்படுபவற்றுக்கு, ஒரு தனி எச்சரிக்கை. நடுவில் மடிந்து திரும்பும் வகையில், திருப்பத்தில் பூமும் பாரமும் சக்கரங்களுக்கு வெளியே போகின்றன. நேராக நிற்கும்போது தூக்கிய எடையை, மடிந்த நிலையில் தாங்காது. அதற்குத் தனிச் சார்ட் உண்டு. பாரத்தைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் வைத்து, நடை வேகத்தில், மேடு பள்ளம் இல்லாத தரையில்தான் ஓட்ட வேண்டும். டயரில் காற்றழுத்தம் குறைந்திருந்தால் லெவல் போயிற்று என்று அர்த்தம். பாரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வரும் உதவியாளர்தான் இந்த வண்டிகளிடம் அதிகம் சிக்குகிறவர். அவர் கையில் நீளமான கயிறு இருக்க வேண்டும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, நிற்க வேண்டியது பக்கவாட்டில்.

இரண்டு கிரேன் சேர்ந்து ஒரே பொருளைத் தூக்கும்போது, ஒவ்வொன்றின் பங்கும் அதன் சார்ட் திறனில் முக்கால் பங்கைத் தாண்டாமல் வைப்பது பரவலான நடைமுறை. ஒன்று வேகமாக ஏறினால் பாரம் மற்றதன் பக்கம் நகரும். இரண்டின் ரோப்பும் நேராகத் தொங்க வேண்டும். கட்டளை ஒருவரிடமிருந்து மட்டும் வர வேண்டும்.

சிக்னல்மேனும் ஒருவரே. ‘நிறுத்து’ என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் கீழ்ப்படிய வேண்டும். வாக்கி-டாக்கியில் பேசி இறக்கும்போது, குரல் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்; குரல் நின்றால் கிரேனும் நிற்க வேண்டும்.

மின்கம்பி விஷயத்தில் உங்கள் வாசகர் எல்லோருக்கும் பயன்படும் ஒன்று உண்டு. 50 கிலோவோல்ட் வரை 3 மீட்டர், 200 வரை நாலரை மீட்டர், 350 வரை 6 மீட்டர் என்பவை அமெரிக்க விதிகளில் உள்ள குறைந்தபட்ச இடைவெளிகள். ரோப்பும் பாரமும் ஆடும் தூரத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். பூம் கம்பியைத் தொட்டுவிட்டால் ஆபரேட்டர் உள்ளேயே இருக்க வேண்டும். முடிந்தால் பூமை வந்த வழியே விலக்க வேண்டும். கீழே இருப்பவர் உதவி செய்யப் போய் வண்டியைத் தொட்டால் அவர் உடல் வழியே மின்சாரம் தரையிறங்கும். வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைச் சேர்த்தபடியே சிறு சிறு தத்தலாகக் குறைந்தது 10 மீட்டர் விலக வேண்டும். நடந்தால் இரண்டு பாதங்களுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடே கொன்றுவிடும். டயர் ரப்பர் காப்பாற்றும் என்பது தவறான எண்ணம்.

ஆகவே அடுத்த முறை உங்கள் நிருபர் போகும்போது ஆபரேட்டரின் வயதையும் ஊரையும் கேட்பதோடு, ரேடியஸ் என்ன, எடையை எப்படித் தெரிந்துகொண்டார்கள், தூக்கும் திட்டம் எழுத்தில் இருந்ததா, அதில் கையெழுத்திட்டவர் யார் என்றும் கேட்கட்டும். கைதாவது பெரும்பாலும் ஆபரேட்டர்தான். தரையைத் தேர்ந்தெடுத்தவரும் கிரேனின் அளவை முடிவு செய்தவரும் பலமுறை வேறு யாரோ. புகைப்படக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். கவிழ்ந்த கிரேனின் மடங்கிய பூமைத்தான் எப்போதும் படம் பிடிக்கிறார்கள். மறுபக்கம் சுற்றிப் போய், மண்ணில் புதைந்திருக்கும் அவுட்ரிகர் தட்டையும், அதற்கு அடியில் என்ன வைத்திருந்தார்கள் என்பதையும் ஒரு படம் எடுங்கள். கிரேனை நிமிர்த்த வருகிறவர்கள் முதலில் அந்தக் கட்டைகளைத்தான் அள்ளிப் போடுவார்கள்.

இப்படிக்கு,
கிரேன், ரிக்கிங் பணியில் உள்ள மேற்பார்வையாளர்கள் சிலர்